இடது கைக்கு எதிராக எத்தனை?

தம்பி, உங்களுடைய கேள்வியை இருமுறை வாசித்தேன். கனடாவுக்கு வந்து ஐந்து மாதமாகிறது என்றும், வெயர்ஹவுஸில் உங்களோடு வேலை செய்கிறவர்கள் இடைவேளை முழுவதும் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ் பற்றியே பேசுகிறார்கள் என்றும், விளையாட்டின் விதிகளை ஒருவாறு விளங்கிக்கொண்ட பிறகும் 'இடது கைக்கு எதிராக இவ்வளவு', 'இரண்டாம் பேஸில் ஆள் நிற்கும்போது இவ்வளவு' (பேஸ் என்பது ஓட்டம் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம்) என்று அவர்கள் அடுக்கும் எண்கள் மட்டும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஆட்டக்காரருக்கு ஏன் ஐந்தாறு சராசரிகள் (அடிக்க வந்த தடவைகளில் எத்தனை தடவை வெற்றிகரமாக அடித்தார் என்ற விகிதம்), அவற்றில் எதை நம்புவது என்பதே உங்கள் கேள்வி. நான் 1996 இல் ஸ்காபரோவுக்கு வந்து, இதே குழப்பத்தோடு மூன்று கோடைகாலத்தைக் கழித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். ஆகவே பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இடது கைத் துடுப்பாட்டக்காரர் களமிறங்கியதும் அணித்தலைவர் ஓஃப் ஸ்பின் வீசுபவரை ஏன் கூப்பிடுகிறார் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பந்து மட்டையை விட்டு விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான். பேஸ்போலிலும் அதே நியாயம்தான்; ஆனால் கைக்கணக்கு வேறு. இங்கே வலது கை வீச்சாளரிடம் பொதுவாக அதிகம் திணறுபவர் வலது கையால் அடிப்பவர். இடது கை வீச்சாளரிடம் அதிகம் திணறுபவர் இடது கையால் அடிப்பவர்.

எனக்கு இதை விளக்கியவர் தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை செய்த ஒரு நியூபவுண்ட்லாந்துக்காரர். காட்போட் பெட்டியொன்றின் மூடியைக் கிழித்து, முகவரி எழுதும் கறுப்பு மார்க்கரால் அடிப்பவர் அருகில் நிற்கும், ஐந்து பக்கமுள்ள ஹோம் பிளேட் என்னும் தட்டை வரைந்தார். அதிலிருந்து 60 அடி 6 அங்குலத்தில் வீச்சாளர் நிற்பதாக ஒரு கோடு போட்டார். வலது கை வீச்சாளரின் கை மூன்றாம் பேஸ் பக்கமாக நீண்டு பந்தை விடுகிறது. வலது கையால் அடிப்பவர் நிற்பதும் அதே பக்கம். ஆகவே ஸ்லைடர் என்னும் பந்து முதலில் அவருடைய விலாவை நோக்கி வருவதுபோலத் தோன்றி, கடைசி நேரத்தில் மறுபக்கம் சறுக்கிப் போய்விடும். எதிர்ப்பக்கம் நிற்கும் இடது கையருக்கோ, பந்து கையை விட்டுப் புறப்படுவது முதல் வந்து சேரும் வரை கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது. சறுக்கினாலும் அவரை நோக்கியே சறுக்குகிறது. நியூபவுண்ட்லாந்துக்காரர் மார்க்கரை மூடி வைத்துவிட்டு, என்னுடைய தோளை ஒரு விரலால் தொட்டு, 'பந்து இங்கே படப்போகிறது என்று உன் உடம்பு நினைக்கும், பின்வாங்கப் பார்க்கும், அதற்குள் அது அங்கே போயிருக்கும்' என்றார். அந்த அட்டையை வெகுகாலம் என் பெட்டகத்தில் வைத்திருந்தேன்.

இதற்கு விலக்கு உண்டு. சேஞ்ச்-அப் என்னும் மெதுவான பந்து எதிர்த்திசையில் விலகும். அதை நன்றாக வீசும் வலது கையரிடம் இடது கையர்களும் தடுமாறுவார்கள். ஆகவே ஒருவருடைய கையை மட்டும் பார்க்காமல், அந்தக் கையிலிருந்து என்ன பந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். இன்னொன்று, இடது கை வீச்சாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. சிறுவயது முதல் அவர்களை அதிகம் சந்திக்காமல் வளர்வதால் இடது கையால் அடிப்பவர்களின் பலவீனமே பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் சில அணிகள் ஒரே இடத்துக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, எதிரே வீசப்போகிறவரின் கையைப் பார்த்து ஆளை இறக்குகின்றன. இதை 'பிளட்டூன்' என்பார்கள். உங்கள் மேசையிலும் அந்தச் சொல் அடிபட்டிருக்கும்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கவிழ்கிறது என்பதற்கு இரண்டு இரவுகளைச் சொல்கிறேன். 2024 ஒக்டோபர் 25, உலகத் தொடர் என்னும் பருவ இறுதித் தொடரின் முதல் போட்டி, 10 ஆவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 3-2 என முன்னணியில் நின்றபோது, எதிரணியான டொட்ஜர்ஸின் ஷொஹெய் ஒட்டானி வருகிறார். அவர் இடது கையால் அடிப்பவர் என்பதால் இடது கை வீச்சாளர் நெஸ்டர் கோர்ட்டெஸை அழைத்தார்கள். அவர் ஒரே பந்தில் ஒட்டானியை வெளியேற்றினார். அடுத்தவர் மூக்கி பெட்ஸ், வலது கையர். முதலாம் பேஸ் காலியாக இருந்ததால் அவருக்கு வேண்டுமென்றே நடை கொடுத்து, அதாவது அடிக்க விடாமலே முதலாம் பேஸுக்கு அனுப்பிவிட்டு, இடது கையரான பிரெடி பிரீமனிடம் வீசுவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏட்டுக் கணக்கின்படி அதில் பிழை காண்பது கடினம். பிரீமன் முதற்பந்தையே கூட்டத்துக்குள் அனுப்பினார்; உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்கையில் பந்தைக் களத்துக்கு வெளியே அனுப்பும் அடி) அதுதான்.

மறு ஆண்டு உலகத் தொடர், ஒக்டோபர் 24, நமது ரொறன்ரோவில். டொட்ஜர்ஸின் தொடக்க வீச்சாளர் பிளேக் ஸ்னெல் இடது கையர். இடது கையால் அடிக்கும் அடிசன் பார்ஜர் அன்று புளூ ஜேய்ஸின் தொடக்க ஒன்பது பேரில் இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் பேஸ்கள் மூன்றும் நிறைந்திருந்தபோது அவரை மாற்று ஆளாக இறக்கினார்கள். எதிரே நின்றவர் அந்தனி பண்டா, அவரும் இடது கையர்தான். பார்ஜர் அடித்த கிராண்ட் ஸ்லாம், உலகத் தொடரில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் அடித்த முதலாவது. எங்கள் அடுக்குமாடியில் ஒரே நேரத்தில் எத்தனை கதவுகள் திறந்தன என்று எண்ண முடியவில்லை. உலகத் தொடரைக் கடைசியில் ஏழாவது போட்டியில் இழந்தோம் என்பதை நினைவூட்டுவதற்கு உங்கள் வேலையிடத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். நான் இங்கே சொல்ல வருவது, கைக்கணக்கு உண்மையானது, ஆயினும் அது ஆயிரம் தடவைக்கான உண்மை என்பதைத்தான். ஒரு தடவைக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அடுத்து, ஒரே வீச்சாளரை மூன்றாம் முறை சந்திப்பது பற்றி. ஒன்பது பேரும் இரண்டு சுற்று வந்து போன பிறகு, அடிப்பவர்களுக்கு அன்றைய பந்துகள் பழகிவிடுகின்றன, வீச்சாளரின் கையும் சோர்ந்துவிடுகிறது. மூன்றாம் சுற்றில் அடிப்பவர்களின் எண்கள் ஏறுவதை நெடுங்காலப் பதிவுகள் காட்டுகின்றன. 2020 உலகத் தொடரின் ஆறாவது போட்டியில் டம்பா பே ரேய்ஸுக்காக வீசியவரும் மேலே சொன்ன அதே ஸ்னெல்தான். 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருந்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றியிருந்தார்; டொட்ஜர்ஸின் முதல் மூன்று ஆட்டக்காரர்களும் அவரிடம் வந்த ஆறு தடவையும் அவ்வாறே திரும்பியிருந்தார்கள். ஆனாலும் பெட்ஸ் மூன்றாம் முறையாக வரும் வேளையில், 1-0 என்ற முன்னணியோடு, முகாமையாளர் கெவின் காஷ் ஸ்னெல்லை வெளியே எடுத்தார். பெட்ஸ் புதிய வீச்சாளரிடம் இரண்டு பேஸ் ஓடும் அடியை அடித்தார். டொட்ஜர்ஸ் 3-1 என வென்று கிண்ணத்தையும் எடுத்தது. என்னைக் கேட்டால், பொதுக் கணக்கைக் கண்ணுக்கு முன்னால் நடப்பதற்கு மேலாக வைத்த முடிவு அது. இதற்கு மாறாக வாதிடுகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. இந்தப் பேச்சைத் தொடக்கிவிட்டால் உங்கள் இடைவேளை போதாது.

பந்து எண்ணிக்கை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். போல் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போக, அடிப்பவர் விட்டுவிடும் பந்து) ஏதுமில்லாமல் இரண்டு ஸ்ட்ரைக் (அடிப்பவருக்கு எதிராகக் கணக்கிடப்படும் பந்து) ஆகிவிட்டால் மிகச் சிறந்தவர்கூடச் சாதாரணமானவராகிவிடுவார். மூன்று போல், ஒரு ஸ்ட்ரைக் என்றால் சாதாரணமானவரும் சிறந்தவராகிவிடுவார். இந்த வேறுபாடு கைக்கணக்கைவிடப் பெரியது என்றாலும், தொலைக்காட்சியில் இதை அவ்வளவாகக் காட்டுவதில்லை. 1988 உலகத் தொடரின் முதல் போட்டியில், இரண்டு கால்களும் நொண்டிய நிலையில் மாற்று ஆளாக வந்த டொட்ஜர்ஸின் கேர்க் கிப்சன், மூன்று போல் இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் ஒரு கணம் விலகி நின்றார். அந்த எண்ணிக்கையில் இடது கையர்களுக்கு டெனிஸ் எக்கர்ஸ்லி வெளியிலிருந்து உள்ளே வளையும் ஸ்லைடரைத்தான் வீசுவார் என்று அணியின் ஒற்றாய்வாளர் மெல் டிடியர் முன்பே எச்சரித்திருந்தார். அதே பந்து வந்தது; அதைக் களத்துக்கு வெளியே ஹோம் ரன்னாக அடித்து ஆட்டத்தை முடித்தார்.

உங்களை அதிகம் குழப்பியது இரண்டாம் அல்லது மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போதைய சராசரி என்று தெரிகிறது. அந்த வேளையில் எல்லோருடைய சராசரியும் சேர்ந்து பொதுவாகச் சிறிதளவு கூடுதலாகவே இருக்கும். அதற்குக் காரணம் வீரம் அன்று. ஆட்கள் பேஸில் நிற்கிறார்கள் என்றால் வீச்சாளர் அன்று தடுமாறுகிறார் அல்லது திறமை குறைந்தவர் என்று பொருள். அவர் உடலை முழுதாகச் சுழற்றாமல், ஓடக் காத்திருப்பவரைக் கவனித்தபடி சுருக்கமான அசைவோடு வீச வேண்டியிருக்கிறது. மூன்றாம் பேஸில் நிற்பவரை ஓட்டம் எடுக்கவைத்துப் பிடிபடும் உயரமான அடி, அடிப்பவரின் சராசரிக் கணக்கில் சேர்வதுமில்லை. இந்த மூன்றையும் கழித்துப் பார்க்காமல் 'நெருக்கடியில் நின்று அடிப்பவர்' என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். 2013 இல் சென் லூயிஸ் கார்டினல்ஸின் அலன் கிரெய்க் இந்த நிலையில் 0.454 அடித்தார், அணியே 0.330 அடித்தது. மறு ஆண்டு கிரெய்கின் மொத்தச் சராசரி 0.215 ஆக விழுந்தது. காலில் பட்ட காயத்துக்கும் அதில் பங்குண்டு, ஆனால் 0.454 என்பது காயமில்லாவிட்டாலும் திரும்பி வரக்கூடிய எண் அன்று.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எதிர்ச்சான்று யாங்கீஸின் டெரெக் ஜீட்டர். நெருக்கடி என்றாலே அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். வழக்கமான பருவங்களில் அவருடைய வாழ்நாள் சராசரி 0.310, பருவத்துக்குப் பிந்திய, கிண்ணத்துக்கான 158 போட்டிகளில் 0.308. ஏறத்தாழ ஒரு முழுப் பருவமளவு நெருக்கடியில் நின்றும் அவர் அதே ஜீட்டராகவே இருந்திருக்கிறார். அது குறைவான பெருமை என்று நான் நினைக்கவில்லை. 1993 இல் புளூ ஜேய்ஸின் ஜோ கார்ட்டர் அடித்துக் கிண்ணம் வாங்கித்தந்த ஹோம் ரன்னைப் பற்றி இந்த ஊரில் பேசாதவர்கள் இல்லை. அங்கேயும் அடித்தவர் வலது கையர், வீசிய மிட்ச் வில்லியம்ஸ் இடது கையர் என்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

எதை நம்புவது என்ற கேள்விக்கு இனி வருகிறேன். முழுப் பருவமும் ஆடுபவர் ஏறத்தாழ 600 தடவை அடிக்க வருவார். அவற்றில் இடது கை வீச்சாளருக்கு எதிரானவை 150 அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 150 இல் ஐந்து பந்துகள் களத்தடுப்பாளரின் கைக்கு எட்டாமல் தப்பியிருந்தால் சராசரி 33 புள்ளிகள், அதாவது 0.033, கூடிவிடும். ஆகவே ஒரு பருவத்து எண்ணைவிட மூன்று பருவத்து எண்ணையும், ஒரு வீரரின் எண்ணைவிட எல்லா வீரர்களுக்குமான பொதுப் போக்கையும் நம்புங்கள். இந்த வீச்சாளருக்கு எதிராக இவர் எட்டில் ஐந்து என்று திரையில் வருவதை நம்பாதீர்கள். நான் அப்படியொரு எட்டில் ஐந்தை நம்பி, நியூபவுண்ட்லாந்துக்காரரோடு ஒரு வாரக் கோப்பிக்குப் பந்தயம் கட்டினேன்; அந்த ஆட்டக்காரர் அன்று நான்கு தடவை வந்து மூன்று தடவை ஸ்ட்ரைக்-அவுட் ஆனார். ஐந்து நாளும் இரவு இரண்டு மணிக்கு, அவர் கேட்டபடி இரட்டைக் கிரீம், இரட்டைச் சீனியோடு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாக, வேலையிடத்துக்கு உதவும் ஒன்று. 2020 முதல், உள்ளே வரும் வீச்சாளர் காயமடைந்தாலன்றிக் குறைந்தது மூன்று பேருக்கு வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும் வரை நிற்க வேண்டும் என்று விதி. முன்பு ஒரே ஓர் இடது கையருக்காக ஓர் இடது கை வீச்சாளரை அழைத்து, உடனே திருப்பி அனுப்பலாம், இப்போது முடியாது. ஆகவே ஏழாவது இன்னிங்ஸில் எதிரணி இடது கை வீச்சாளரை அழைக்கும்போது, எதிரே நிற்பவரைப் பார்க்காதீர்கள். பட்டியலில் அவருக்குப் பின்னால் வரும் இரண்டு பேரும் எந்தக் கை என்று பாருங்கள். 'மூன்றாவது ஆள் வலது கையர், இவர்களுக்கு அங்கேதான் இடி' என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறங்கள். மேசையில் யார் முதலில் உங்கள் பக்கம் திரும்புகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.