அம்மாவோடு யனாக்கா: முதலில் லிஃப்ட் எங்கே என்று பாருங்கள்

கேள்வி: டோக்கியோவில் நிஷி கசாயில் குடியிருக்கிறேன். ஐ.டி. வேலை. நவம்பர் கடைசியில் அம்மா கும்பகோணத்திலிருந்து முதல் முறையாக வருகிறார். வயது 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சுத்த சைவம். பழைய டோக்கியோ எப்படி இருக்கும் என்று காட்ட முதலில் யனாக்காவுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். அம்மாவால் நடக்க முடியுமா? டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்ட், ‘ஏழு நாள் ரயில் பாஸும், காரில் ஒரு நாள் சிட்டி டூரும் எடுத்துவிடுங்கள், பெரியவர்களுக்கு அதுதான் வசதி’ என்று தினமும் போன் செய்கிறார். எடுக்கலாமா?

பதில்: யனாக்கா நல்ல யோசனை. பாஸ் வேண்டாம். கார் டூர் வேண்டவே வேண்டாம். நான் பயண வழிகாட்டி. ஊரிலிருந்து வரும் பெரியவர்களோடு இந்தத் தெருக்களில் நடப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உங்களுக்குக் காலை 7 மணி என்றால் அம்மாவின் உடம்புக்கு விடியற்காலை 3.30. இது தெரியாமல் வந்த மறுநாளே ஏழு மணிக்குக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள், பிறகு ‘அம்மா எதையுமே ரசிக்கவில்லை’ என்று வருத்தப்படுகிறார்கள். அந்த நேரத்தில் போனால் இன்னொரு தண்டனையும் உண்டு. உங்கள் வீட்டுப் பக்கத்து மெட்ரோ, தோசாய் லைன், காலைக் கூட்டத்துக்குப் பேர்போனது. கொரோனாவுக்கு முன்னால் கிபா ஸ்டேஷனுக்கும் மொன்சென் நகாச்சோவுக்கும் நடுவே நெரிசல் ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம், நாட்டிலேயே முதலிடம். நீங்கள் தினமும் நசுங்கிப் பழகியவர், அம்மாவுக்கு எதற்கு அது? வீட்டிலேயே பத்தரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள். நவம்பர் கடைசியில் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மூன்றரை மணிக்குத் திரும்பக் கிளம்பினால் போதும், மாலைக் கூட்டத்திலும் சிக்க மாட்டீர்கள்.

அடுத்தது வழி. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். எந்த வரைபடத்தை எடுத்தாலும் யனாக்காவுக்கு நிப்போரி ஸ்டேஷனில் இறங்கச் சொல்லும். மேற்கு வாசலில் வெளியே வந்து, சரிவில் ஏறி, அந்தப் பக்கம் ‘யூயாகே தன்தன்’ படிகளில் இறங்கினால் கடைத்தெரு. 36 படிகள். போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் தேய்ந்த பலருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி என்பது இந்த வரைபடம் போடுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் எதிர்ப்பக்கமாக வாருங்கள். தோசாயில் ஒத்தேமாச்சி வரை, அங்கே சியோதா லைனுக்கு மாறி செந்தாகி. கடைத்தெருவின் கீழ் முனைக்குச் சில நிமிட நடையில் வந்துவிடலாம், எல்லாம் சமதளம். படிகளைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். மேலே போயே தீருவேன் என்று அம்மா சொன்னால், பக்கத்தில் ஷிச்சிமென்சகா என்று படியில்லாத சரிவுப் பாதை ஒன்று இருக்கிறது, அதில் ஏற்றுங்கள்.

ஒத்தேமாச்சியில் லைன் மாறுவதற்கு நடை அதிகம், கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். செந்தாகியில் இன்னொரு சங்கடம். மேலே இருக்கும் சாலை குறுகல் என்பதால் இரண்டு பிளாட்பாரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள், ஸ்டேஷன் ஆழம். எந்த வாசலில் லிஃப்ட் என்று டோக்கியோ மெட்ரோவின் ஸ்டேஷன் வரைபடத்தில் முதல் நாள் இரவே பார்த்து, அந்த வாசலின் எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தரைக்கு அடியில் கூகுள் மேப்பை நம்பி அம்மாவை நிற்கவைத்துவிட்டு இங்கும் அங்கும் ஓடும் பிள்ளைகளை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். 2023 மார்ச் முதல் மெட்ரோவில் லிஃப்ட், பிளாட்பாரக் கதவு வசதிகளுக்கென்று டிக்கெட்டில் 10 யென் சேர்த்து வாங்குகிறார்கள். கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காசு எல்லா வாசலிலும் பிடிக்கிறார்கள், லிஃப்ட் மட்டும் பல ஸ்டேஷன்களில் ஒரே ஒரு வாசலில், அதுவும் சாலைக்கு அந்தப் பக்கம். முதியவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் இதை இன்னும் சரிசெய்ய முடியவில்லை என்றால் என்ன சொல்வது!

சரி, தெருவுக்கு வருவோம். 1923 பூகம்பத் தீயிலும், 1945 குண்டுவீச்சிலும் டோக்கியோவின் பெரும்பகுதி சாம்பலானது. யனாக்காவின் பெரும்பகுதி தப்பியது. அதனால்தான் இங்கே மரவீடுகளும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகளும், எழுபதுக்கு மேல் கோயில்களும் மிச்சம் இருக்கின்றன. அம்மாவின் முதல் கேள்வி அனேகமாக ‘வீட்டுக்குள்ள யாருமே இல்லியாடா?’ என்பதாகத்தான் இருக்கும். அவ்வளவு அமைதி. அடுத்து, வாசலில் தெருவோரமாக வரிசையாக வைத்திருக்கும் பூந்தொட்டிகள் கண்ணில் படும். வேலியும் இல்லை, காவலும் இல்லை. ஒரு தொட்டியை விட்டு இன்னொரு தொட்டிக்கு என்று நின்றுவிடுவார். நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அதைக் காட்டத்தானே அழைத்து வந்தீர்கள்? நடைபாதையில் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வரும் சைக்கிள்கள் மட்டும் உங்கள் பொறுப்பு. மணி அடிக்க மாட்டார்கள். அம்மாவைச் சுவர்ப் பக்கம் நடக்க விடுங்கள்.

யனாக்கா கின்சா கடைத்தெரு மொத்தமே 170 மீட்டர்தான். திங்கள்கிழமை போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். இந்த ஊரில் தெருவில் உட்கார பெஞ்ச் கிடைப்பது அரிது. கடை வாசலில் பீர் பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள், வாங்கியதைத் தின்ன அதுதான் ஆசனம். அம்மாவிடம் அது என்ன பெட்டி என்று சொல்லாமல் உட்காரவையுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு பொறி. கறிக்கடை வாசலில் பொன்னிறமாகப் பொரித்து அடுக்கியிருக்கும் கொரொக்கேயைப் பார்த்தால் அசல் நம் உருளைக்கிழங்கு கட்லட். உள்ளே பெரும்பாலும் கொத்துக்கறி கலந்திருக்கும். கலக்கவில்லை என்றாலும் எண்ணெய் பன்றிக்கொழுப்பாகவோ, கறி பொரித்த எண்ணெயாகவோ இருக்கும். சோபா நூடுல்ஸின் சாற்றிலும் மிசோ சூப்பிலும் மீன் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. ‘இது வெஜ்தான்’ என்று பக்கத்தில் நிற்கும் சுற்றுலாப் பயணி சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவுக்கு இனிப்புதான் பத்திரம். நிப்போரி பக்கம் 1819-ல் தொடங்கிய ஹபுதாயே தாங்கோ கடை இருக்கிறது. அரிசிமாவு உருண்டை, மேலே சிவப்புக் காராமணி மாதிரியான பயற்றின் இனிப்புப் பூரணம். கொழுக்கட்டையைப் பிரித்துக் குச்சியில் குத்தியது போல இருக்கும், தயங்காமல் சாப்பிடுவார். நிப்போரி வரை ஏறும் தெம்பு இல்லையென்றால் நீங்கள் இன்னொரு நாள் போய் வீட்டுக்கு வாங்கி வாருங்கள்.

யனாக்கா கல்லறைத் தோட்டத்தைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்களில் கடைசியானவர் தொக்குகாவா யோஷினொபுவின் சமாதி அங்கேதான். 1957-ல் எரிந்துபோன ஐந்தடுக்குக் கோபுரத்தின் அடிக்கற்களையும் பார்க்கலாம். நடுவில் செர்ரி மரச் சாலை, அதில் ஜப்பானியர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு சாவகாசமாக நடப்பார்கள். நம் அம்மாக்களுக்கு அது சுடுகாடு. உள்ளே போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் வர மாட்டார்கள், அப்புறம் கோயிலுக்கும் வர மறுப்பார்கள். அவர் சம்மதித்தால் போங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

அதற்குப் பதிலாக செந்தாகி சாலையில் ஒரு டாக்ஸி பிடித்து நெசு ஷின்டோ கோயிலுக்குப் போங்கள். டோக்கியோவில் டாக்ஸி மீட்டர் 500 யென்னில் தொடங்குகிறது, முதல் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அதுதான். இந்த ஊர்க்காரர்கள் நடக்கும் தூரம்தான், ஆனால் உங்கள் கணக்கு வேறு. கோயில் 1706-ல் கட்டியது. அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றப் பார்ப்பார், நிறுத்துங்கள். வெளியே நின்று கும்பிட இங்கே கழற்ற வேண்டியதில்லை. சிவப்புத் தோரண வாயில்கள் வரிசையாக நிற்கும் பாதை குறுகல், படிகளும் உண்டு. அதை ஓரமாக நின்று பார்த்தால் போதும். இன்னும் தெம்பு இருந்தால் மறுபடி டாக்ஸியில் ஷினொபாசு குளத்து பென்தென் கோயில். அங்கே இருக்கும் பென்சைதென் நம் சரஸ்வதிதான். ஜப்பானில் பொதுவாக அவள் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய வாத்தியம் இருக்கும். அதைச் சொல்லுங்கள், அப்புறம் அம்மா முழங்காலைப் பற்றிப் பேச மாட்டார்.

கழிவறைக்கு அம்மாக்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தண்ணீர் பீய்ச்சும் பொத்தானை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். வெளியே சக்கர நாற்காலிப் படம் போட்ட பெரிய அறையைத் தேடுங்கள். சில பூங்காக் கழிவறைகளில் கை துடைக்கக் காகிதம்கூட இருக்காது, சின்னத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். புடவைக்கு ஷூவா என்பார். குளிருக்கு சாக்ஸும் ஷூவும் கட்டாயம். மெட்டி போட்டிருந்தால் விரல் நசுங்கும், ஊரிலேயே அரை மணி நேரம் போட்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஏஜென்ட். ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. விலை ஏறிய பிறகும் பழைய பாட்டையே பாடி விற்கிறார்கள், கமிஷன் அப்படி. நான் மேலே சொன்ன வழி முழுவதும் மெட்ரோ. அதில் இந்தப் பாஸ் செல்லாது. நிஷி கசாயிலிருந்து செந்தாகிக்கு 300 யென்கூட ஆகாது. இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். பாஸ் குறுகிய கால விசாவில் வருகிறவர்களுக்கு மட்டும். இங்கே வேலை விசாவில் இருக்கும் உங்களுக்குக் கிடையாது. அம்மாவுக்கு ஐம்பதாயிரம், உங்களுக்குத் தனி டிக்கெட்!

பாஸ் யாருக்குமே லாபமில்லையா என்று கேட்டு எழுதுவார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். புல்லட் ரயிலில் டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஒரு வழி 14 ஆயிரம் யென் சொச்சம். போய் வர 28 ஆயிரம், பாஸ் நஷ்டம். ஹிரோஷிமா வரை போய் வந்தாலும் ஏறத்தாழ 40 ஆயிரம்தான், அப்போதும் நஷ்டம். அதே ஏழு நாளுக்குள் ஹிரோஷிமாவும் போய், வந்ததும் சென்தாய் மாதிரி இன்னொரு தூரத்து ஊருக்கும் போய் வந்தால் பாஸ் கொஞ்சம் மிச்சம் தரும். அதிலும் வேகமான நொசொமி புல்லட் ரயிலில் ஏறினால் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், ஒரு வழிக்கே மிச்சத்தில் பாதி அங்கே போகும். 66 வயதில் தேய்ந்த முழங்காலோடு வாரத்தில் இத்தனை ஊர் சுற்றுகிற அம்மா இருந்தால் வாங்கித் தாருங்கள். உங்கள் அம்மா அந்த ரகம் இல்லை.

கார் டூர் என்றதும் ஒன்று கேளுங்கள்: ‘நம்பர் பிளேட் என்ன நிறம்?’ வாடகைக்கு ஆள் ஏற்ற உரிமம் உள்ள வண்டிக்குப் பச்சை பிளேட். அனுமதி இல்லாமல் வெள்ளை பிளேட் வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டவிரோதம். நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ‘தமிழ் டிரைவர், வீட்டு வாசலில் பிக்கப்’ என்று வருவதில் பல இந்த வெள்ளை ரகம். விபத்து நடந்தால் காப்பீடு கைவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆரோக்கியக் காப்பீடும் ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குச் செல்லாது. ஏஜென்டிடம் எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அம்மாவுக்கு நல்ல பயண மருத்துவக் காப்பீடு வாங்குங்கள். பழைய வியாதிக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். ஏஜென்ட் தரும் மாற்றுச் சீட்டை ஜப்பானில் கொடுத்துப் பாஸாக மாற்றாத வரை, ஒரு வருடத்துக்குள் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ‘ரீஃபண்ட் கிடையாது சார்’ என்று போனில் சொன்னால், அதையே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.