தினம் ஒரு பொருள், தினம் ஒரு தகவல்: ஒளிப்படத் திட்டத்தைப் பொருளிலிருந்து தொடங்குவதா, தகவலிலிருந்து தொடங்குவதா?

வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருள் ஒன்றைத் தினமும் படமெடுத்து, அதைப் பற்றிய வியப்பான தகவல் ஒன்றோடு சேர்த்து வெளியிட விரும்புவதாகவும், பொருளை முதலில் தேர்வதா தகவலை முதலில் தேர்வதா என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இதே போன்ற திட்டத்தை 365 நாள்களுக்கென்று தொடங்கி 204ஆம் நாளில் நிறுத்திக்கொண்டவன். முடிக்காதவனின் அறிவுரையை ஏற்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எங்கெங்கே தடுக்கி விழ நேரிடும் என்பதை என்னால் சற்றுத் தெளிவாகவே சொல்ல முடியும். தகவலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் பதில். அதிலும், படத்தைப் பார்ப்பவர் தம் கண்ணாலேயே ஓரளவு சரிபார்த்துக்கொள்ளக்கூடிய தகவலாக அது இருக்க வேண்டும்.

முதல் ஒன்றரை மாதம் நான் இதற்கு நேர்மாறாகத்தான் செய்தேன். கையில் அகப்பட்ட பொருளை அழகாகப் படமெடுத்துவிட்டு, இரவில் அதற்கொரு தகவலைத் தேடி ஒட்டவைத்தேன். படம் ஒரு பக்கமும் தகவல் ஒரு பக்கமுமாக நின்றன. தீப்பெட்டியை எடுத்த நாள் அதற்குச் சரியான சான்று. தீக்குச்சி பற்றியெரியும் கணத்தைப் பிடிக்க அரைப் பெட்டியைத் தீர்த்தேன். நான் எழுதியதோ, பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் கண்ணாடித் தூளோடு கலந்த சிவப்புப் பாஸ்பரசும் தனித்தனியே இருப்பதால்தான் வேறெங்கு உரசினாலும் அது எளிதில் பற்றுவதில்லை என்ற தகவல். அப்படியானால் படத்தில் வந்திருக்க வேண்டியது சுடரா? குச்சிகள் உரசி உரசி வெள்ளைக் கோடுகள் விழுந்த அந்தப் பழுப்புப் பட்டையல்லவா? பிற்பாடு அதை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன்; சுடரைக் காட்டிய படத்தைவிட எனக்கு அதுவே பிடித்திருந்தது.

உண்மையில் என்னைத் திருத்தியது காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பேப்பர் கிளிப். நார்வே நாட்டவரான யோஹான் வாலர் அதைக் கண்டுபிடித்தார் என்று எங்கும் உலவும் கதையை நம்பி எழுதி, மேசையில் கிடந்த கிளிப் ஒன்றை நன்றாகப் பெரிதாக்கி எடுத்த படத்தோடு வெளியிட்டேன். உங்கள் படமே உங்கள் தகவலை மறுக்கிறதே என்று அன்று மாலையே ஒருவர் எழுதினார். தேடிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. வாலர் 1899இல் ஜெர்மனியில் விண்ணப்பித்து 1901இல் காப்புரிமை பெற்ற வடிவத்தில், கம்பியின் கடைசிச் சுற்று கிடையாது. நாம் பயன்படுத்தும் வளையத்துக்குள் வளையம் கொண்ட வடிவத்துக்கு ஜெம் கிளிப் என்று பெயர்; அது அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, அந்த வடிவத்துக்கு எவரும் காப்புரிமை பெற்றதாகவும் இல்லை. அதே 1899இல் அமெரிக்கரான வில்லியம் மிடில்புரூக் காப்புரிமை பெற்றதுகூட, அவ்வகைக் கிளிப்பை வளைத்துச் செய்யும் இயந்திரத்துக்குத்தான். வாலரின் நினைவாக நார்வேயின் சாண்ட்விகாவில் 1989இல் நிறுவப்பட்ட மாபெரும் கிளிப்பும், 1999இல் அந்நாடு வெளியிட்ட அஞ்சல்தலையும் அவருடையதல்லாத ஜெம் வடிவத்தைத் தழுவியவையே. ஒரு நாடே எனக்குத் துணையாகத் தவறியிருக்கிறது என்று எண்ணி அன்றிரவு ஆறுதல் அடைந்தேன்.

அதற்குப் பிறகு, காப்புரிமை வரைபடத்தைப் பார்க்காமல் எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றியும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கூகுள் பேட்டன்ட்ஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் காப்புரிமைகள்கூட வரைபடத்தோடு கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: காப்புரிமை என்பது ஒருவர் உரிமை கோரினார் என்பதற்குத்தான் சான்று, அவரே முதல்வர் என்பதற்கு அன்று. நுனியில் ரப்பர் பொருத்திய பென்சில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹைமன் லிப்மன் அதற்கு 1858இல் காப்புரிமை பெற்றார். ஏற்கெனவே இருந்த இரண்டு பொருள்களைச் சேர்த்துவைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று 1875இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. பென்சிலும் ரப்பரும் சேரும் இடத்தைக் காட்டினால் வழக்கு முழுவதும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும் என்று மகிழ்ந்து, அந்த உலோகப் பட்டையின் மேல் ஃபோகஸ் வைத்தேன். கிளிப் நினைவுக்கு வரவே வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். லிப்மனின் பென்சிலில் உலோகப் பட்டையே இல்லை. எழுதும் கரித்தண்டு ஒரு முனையில் இருப்பது போலவே, ரப்பரும் மறுமுனையில் மரத்துக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. படத்தை மாற்றவில்லை, ஆனால் இந்த வேறுபாட்டைப் படவிளக்கத்தின் முதல் வரியாக்கினேன்.

கேட்பதற்கு மிகவும் அழகாக இருக்கும் தகவலை இருமுறை சந்தேகியுங்கள். விண்வெளியில் எழுதும் பேனாவுக்காக நாசா கோடிக்கணக்கில் செலவிட்டது, சோவியத்துகள் பென்சிலோடு முடித்துக்கொண்டார்கள் என்ற கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் இரு தரப்பும் பென்சிலைத்தான் பயன்படுத்தின. அந்தப் பேனாவை ஃபிஷர் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் உருவாக்கியது. பிறகு இரு தரப்பும் அதை வாங்கின.

எனக்கு மிகுந்த நிறைவு தந்தவை அளந்து காட்ட முடிந்த தகவல்கள். ஏ4 தாள்கள் பதினாறை நாலுக்கு நாலாகத் தரையில் அடுக்கினால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வரும், ஏனெனில் ஏ0 தாளின் பரப்பு அதுதான், ஏ4 அதன் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே, சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று கட்டின் மேல் அச்சிட்டிருந்தால், ஒரு தாளின் எடை ஏறத்தாழ 5 கிராம். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாத இந்த அமைப்பின் சிறப்பை ஜெர்மானிய அறிவியலாளர் லிக்டென்பெர்க் 1786லேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். ஜெர்மனி அதைத் தரநிலையாக்கியது 1922இல். நாற்காலியின் மேல் ஏறி நின்று எடுத்த அந்தப் படம் ஒளிப்படம் என்ற வகையில் சுமார்தான்; ஆனால் அதிகம் பேர் தாங்களும் செய்து பார்த்ததாக எழுதியது அதற்குத்தான்.

குவார்ட்ஸ் கடிகாரம் இதற்கு எதிர்வகை. அதனுள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதுவே முள்ளை நகர்த்தும் நொடித்துடிப்பு. கடிகார முகத்தைக் காட்டி இதை எழுதினால் யார் நம்புவார்கள்? ஓடாத கடிகாரம் ஒன்றைப் பிரித்து, படிகத்தை மூடியிருக்கும் சிறு உலோக உருளையைப் பொறுமையாகத் திறந்தபோது, உள்ளே இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) வடிவில் இரண்டு காலோடு அது நின்றது. இரண்டு உருளைகளை நசுக்கிய பிறகுதான் மூன்றாவது கைகூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில தகவல்கள் எவ்வளவு முயன்றாலும் படத்துக்குள் வராது. வெற்றிடத்தில் ஒட்டுநாடாவை உரித்தால் எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை நான் எப்படிப் படமெடுப்பது? அதை விட்டுவிட்டு, பென்சில் கரியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, அந்தச் சாம்பல் நிறப் படலத்தை எடுத்தேன். பென்சில் கரியில் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து, அணு ஒன்றின் தடிமனே கொண்ட கிராஃபீன் என்ற கரிமப் படலத்தை இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடா கொண்டே பிரித்தார்கள். 2004இல் வெளியிட்ட அந்த ஆய்வு 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசைத் தந்தது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கைப்பேசி போதும். ஒரு சன்னல், அதற்கு எதிர்ப்புறம் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளை அட்டை, இவற்றோடு ஃபிளாஷை மறந்துவிடும் துணிவு வேண்டும். கைப்பேசியைப் பொருளின் மேல் முட்டுமளவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் நிழலே பொருளின் மேல் விழும், ஃபோகஸும் ஒரு மெல்லிய கீற்றில் மட்டுமே நிற்கும். சற்றுத் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது மேல்.

தகவல்களைப் பத்து, இருபதாகச் சேர்த்து முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். படத்தை மட்டும் அன்றன்று எடுங்கள். நான் இரண்டையும் அதே நாளில் செய்ய முயன்றதால், இருபது நிமிடப் படத்துக்கு இரண்டு மணி நேரத் தேடல் என்ற கணக்கு வந்தது. சரிபார்க்காமல் வெளியிட்டாவது எண்ணிக்கையைக் காப்பாற்றலாம் என்று தோன்றிய நாள்தான் 204ஆம் நாள், அதனால் நிறுத்தினேன்.

முதல் நாளுக்கு என்ன எடுப்பது என்று தயங்கினால், பிக் நிறுவனத்தின் அறுகோண வடிவப் பந்துமுனைப் பேனாவை எடுங்கள். அதில் இரண்டு துளைகள் உண்டு. பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். உடற்பகுதியில் உள்ளது, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி மை சீராக இறங்கச் செய்வது. மூடியின் நுனியில் உள்ளது, யாரேனும் மூடியை விழுங்கி அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால் காற்று செல்ல வழிவிடுவது. மூடியைக் கழற்றிப் பேனாவின் அருகில் கிடத்தி, சன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வருமாறு வைத்துச் சிறிது திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரண்டு துளைகளும் இரண்டு ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்.