சி டிரைவ் சிவப்பானால் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கல்யாண வீடியோ எடிட்டர்களிடமிருந்து வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் எடிட்டிங் பற்றியே இருக்காது. டிஸ்க் நிரம்பிவிட்டது, ஃபைலைக் காணவில்லை, சிவப்புத் திரை வருகிறது, இவ்வளவுதான். அடிக்கடி திரும்பி வருவதை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: பிரீமியர் ப்ரோவில் வேலை செய்கிறேன். ஃபுட்டேஜ் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, ஆனாலும் சி டிரைவ் வாராவாரம் நிரம்புகிறது. தேடிப் பார்த்தால் மீடியா கேச் என்று ஒரு ஃபோல்டர் மட்டுமே 90 ஜிபி. அழித்தால் ப்ராஜெக்ட் போய்விடுமா சார்?

போகாது, தைரியமாக அழியுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேர் உருவாக்குகிற ஃபைல்கள் இரண்டு வகை. அழித்தால் அதுவே மறுபடி செய்துகொள்வது ஒன்று, அழித்தால் போனது போனதுதான் என்பது இன்னொன்று. மீடியா கேச் முழுக்க முதல் வகை. போனிலும் கோப்ரோவிலும் எடுத்த வீடியோவில் ஆடியோ சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும், அதை அப்படியே டைம்லைனில் இழுத்து ஓட்டுவது கஷ்டம் என்பதால் பிரீமியர் அதைப் பிரித்து 32 பிட் ஆடியோவாக ஒரு நகல் எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கே கிட்டத்தட்ட 1.4 ஜிபி. டைம்லைனில் தெரிகிற அலை வடிவத்துக்குத் தனி ஃபைல், சில வகை வீடியோவுக்கு இண்டெக்ஸ் ஃபைல், எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். முடிந்துபோன கல்யாணத்தின் கேச்சையும் நீங்கள் சொல்லாமல் அது தானாக அழிக்காது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் 90 ஜிபி ஒன்றும் அதிசயமில்லை.

எக்ஸ்ப்ளோரரில் போய்க் கையால் அழிக்க வேண்டாம். பிரீமியரை மூடித் திறந்து, எந்த ப்ராஜெக்ட்டையும் திறக்காமல், எடிட் மெனு, ப்ரிஃபரன்சஸ், மீடியா கேச் என்று போய் அங்கே இருக்கிற டெலீட் பட்டனை அழுத்துங்கள். ப்ராஜெக்ட் திறந்திருந்தால் பயன்படாத கேச்சை மட்டும்தான் அழிக்க விடும். அதே பக்கத்தில் கேச் இருக்கும் இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றலாம், இத்தனை ஜிபியைத் தாண்டினால் பழையதை அழித்துவிடு என்றும் சொல்லி வைக்கலாம். அழித்த பிறகு ப்ராஜெக்ட்டை முதல் தடவை திறக்கும்போது கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஸ்க்ராட்ச் டிஸ்க் என்பது இதிலிருந்து வேறு. அது ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி, ஃபைல் மெனுவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் உள்ளே இருக்கும். என்டர் தட்டி ரெண்டர் செய்தால் டைம்லைன் மேலே பச்சைக் கோடு வருகிறதே, அந்த ப்ரிவ்யூ ஃபைல்கள் போய் உட்காரும் இடம் அது. ப்ரிவ்யூவையும் அழிக்கலாம், மறுபடி ரெண்டர் செய்தால் வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலிலேயே ஆட்டோ சேவ் ஃபோல்டரும் இருக்கிறது பாருங்கள், சிக்கல் அங்கேதான். வாய்ஸ் ஓவர் பதிவு செய்திருந்தால் அந்த ஆடியோவும் அங்கேயே இருக்கும். இடம் வேண்டும் என்ற அவசரத்தில் நானே ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு, ப்ரிவ்யூவும் ஆட்டோ சேவும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த ஃபோல்டரை மொத்தமாக ஷிஃப்ட் டெலீட் அடித்தவன். அடுத்த வாரம் ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போனபோது திரும்பிப் போக ஒரு பழைய பதிப்புகூட இல்லை, ரிசப்ஷன் முழுவதையும் முதலிலிருந்து வெட்டினேன். அதற்கப்புறம் ஆட்டோ சேவை மட்டும் எப்போதும் வேறு டிரைவுக்கு அனுப்பிவிடுகிறேன்.

கேள்வி: உள்ளே 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மல்டிகேம் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. வெளியே மாட்டுகிற எஸ்எஸ்டி ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா?

வாங்குவதற்கு முன்னால் டைம்லைனை ஓட்டிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். பிராசஸர் 100-இல் நின்று டிஸ்க் சும்மா இருந்தால் நீங்கள் எத்தனை எஸ்எஸ்டி வாங்கினாலும் அது திக்கத்தான் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் 4கே ஃபுட்டேஜ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. நாலு கேமரா ஒன்றாக ஓடினாலும் 50 எம்பிதான். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படித்தால் 150 எம்பி வரை தரும், அப்படியென்றால் போதுமே என்று தோன்றும். ஆனால் நாலு ஃபைல் டிஸ்க்கில் நாலு மூலையில் கிடக்கும். ஊசி அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும், அதனால் மல்டிகேமுக்கு எஸ்எஸ்டி உண்மையிலேயே உதவும். எச்.265-இல் எடுத்த ஃபுட்டேஜ் என்றால் கதை வேறு, அங்கே பாரம் முழுக்க டீகோடிங்கில், அதாவது சுருக்கி வைத்த படத்தை விரிப்பதில். ப்ராக்ஸி போடுங்கள், அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரு லேசான நகல். ப்ரோரெஸ் ப்ராக்ஸி 1080, 25 ஃப்ரேமில் மணிக்குச் சுமார் 17 ஜிபி ஆகும், அவ்வளவுதான்.

வாங்குவதென்றால் இப்போது வேலை நடக்கிற கல்யாணம் எஸ்எஸ்டியில், கேச் என்விஎம்இயில் ஒரு அளவு வைத்து, முடிந்த வேலை ஹார்ட் டிஸ்க்கில். எஸ்எஸ்டியைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள், நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் விழும். அப்புறம் கம்ப்யூட்டரில் கறுப்பு யுஎஸ்பி போர்ட்டில் மாட்டிவிட்டு எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல கம்ப்யூட்டர்களில் அது யுஎஸ்பி 2, எதை மாட்டினாலும் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது.

கேள்வி: ப்ராஜெக்ட்டை நண்பர் சிஸ்டத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாம் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக வந்தது, லோகேட் கொடுத்துச் சேர்த்துவிட்டேன். இப்போது தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை அழைப்பு வருகிறது! எப்படி அண்ணா?

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்களிடம் இரண்டு சோனி கேமரா, இரண்டிலும் முதல் க்ளிப் சி0001, சரியா? பிரீமியர் ஃபைலைத் தேடும்போது முதலில் பார்ப்பது பெயரைத்தான். முதலில் கண்ணில் பட்ட சி0001 எந்த ஃபோல்டரில் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டது. கார்டை ஃபார்மட் செய்ததும் நம்பரை மறுபடி 1-இலிருந்து தொடங்கும்படி கேமராவை வைத்திருந்தால், ஒரே கேமராவின் காலைக் கார்டுக்கும் மாலைக் கார்டுக்கும்கூட இதே கதிதான்.

இப்போது சரிசெய்ய: சேவ் செய்யாமல் மூடுங்கள். சேவ் செய்துவிட்டீர்கள் என்றால் ஆட்டோ சேவிலிருந்து பழையதைத் திறங்கள். லிங்க் மீடியா பெட்டியில் ஃபைல் நேம் என்பதோடு மீடியா ஸ்டார்ட் என்கிற கட்டத்தையும் டிக் செய்யுங்கள், பெயர் ஒன்றாக இருந்தாலும் டைம்கோட் (க்ளிப்பில் பதிவாகும் நேரக் குறி) வேறு என்றால் தவறானதைச் சேர்க்காது. மற்றவற்றையும் தானாகச் சேர் என்கிற டிக்கை எடுத்துவிட்டு, கேமரா கேமராவாக, ஒவ்வொரு ஃபோல்டராக நீங்களே காட்டுங்கள். அலுப்புதான், வேறு வழியில்லை.

இனிமேல் வராமல் இருக்க, கேமரா மெனுவில் ஃபைல் நம்பரைத் தொடர்ச்சியாகப் போகும்படி மாற்றுங்கள், ஃபைல் பெயரின் முன்னெழுத்தை மாற்றும் வசதி இருந்தால் ஒவ்வொரு கேமராவுக்கும் வேறு எழுத்து வையுங்கள். க்ளிப்புக்குப் பெயர் மாற்றுவதென்றால் இம்போர்ட்டுக்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும், பாதி எடிட்டில் மாற்றினால் மறுபடி சிவப்புதான். விண்டோஸில் வெளி டிஸ்க் ஒரு நாள் இ, மறுநாள் எஃப் என்று எழுத்தை மாற்றிக்கொள்ளும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் டபிள்யூ மாதிரி யாரும் பயன்படுத்தாத ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். கார்டிலிருந்து வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காமல், ப்ரைவேட் என்று தொடங்குகிற முழு ஃபோல்டரையும் காபி எடுங்கள்.

கேள்வி: நான் எடிட் செய்வது டாவின்சி ரிசால்வில். சிஸ்டம் ஃபார்மட் செய்தேன். ஃபுட்டேஜ் டி டிரைவில் பத்திரம். ப்ராஜெக்ட் ஃபைல் எங்கே இருக்கும்?

வருத்தமான பதில். பிரீமியர் மாதிரி இல்லை, ரிசால்வில் நீங்கள் சேவ் செய்தால் ஒரு ஃபோல்டரில் ஃபைலாக உருவாகாது. ப்ராஜெக்ட் லைப்ரரி என்று ஒரு டேட்டாபேஸுக்குள் போகும். நீங்கள் வேறு இடம் சொல்லவில்லை என்றால் அது சி டிரைவில்தான் இருந்திருக்கும், பேக்கப்பும் அதே சி டிரைவில். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ரெக்கவரி முயற்சி செய்யலாம், எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அடுத்த ப்ராஜெக்ட்டிலாவது, ப்ரிஃபரன்சஸில் யூசர் பகுதியில் ப்ராஜெக்ட் பேக்கப்பை ஆன் செய்து இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். தினமும் வேலை முடிந்ததும் டி.ஆர்.பி ஃபைலாக எக்ஸ்போர்ட் எடுங்கள், ஃபுட்டேஜ் அதில் வராது என்பதால் சின்னதாகத்தான் இருக்கும். ஃபுட்டேஜோடு சேர்த்து வேண்டுமென்றால் டி.ஆர்.ஏ.

இன்னொன்று, மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலில் இருக்கிற டிரைவைத்தான் ரிசால்வ் ஸ்க்ராட்ச் டிஸ்க்காக எடுத்துக்கொள்ளும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கேச் ஃபோல்டரும் கேலரி ஃபோல்டரும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். கேச்சை அழிக்கலாம், ப்ளேபேக் மெனுவிலேயே வழி இருக்கிறது. கேலரியைத் தொடாதீர்கள், கலர் செய்யும்போது நீங்கள் எடுத்து வைத்த ஸ்டில்கள் எல்லாம் அதில்தான்.

கேள்வி: டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் பேக்கப் எடுக்கிறது. ப்ராஜெக்ட் அங்கே இருக்கலாமா?

வேண்டாம். பிரீமியர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது மேலே ஏற்றப் பார்க்கும், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபைலை ஆன்லைனில் மட்டும் வைத்துவிட்டு இங்கே வெறும் பெயரை விட்டுவைக்கும். நெட் இல்லாத மண்டபத்தில் உட்கார்ந்து திறந்து பாருங்கள், தெரியும். ராத்திரி மூடிய பிறகு ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் ஒரு நகல் அங்கே போடுவது நல்ல பழக்கம்தான்.

கேள்வி: உங்கள் ஃபோல்டர் அமைப்பைச் சொல்ல முடியுமா?

பெரிய ரகசியம் இல்லை. தேதி முதலில், வருஷம் மாதம் நாள் என்ற வரிசையில், அப்புறம் ஊர், அப்புறம் வீட்டுக்காரர் பெயர். அதற்குள் ஃபுட்டேஜ், ஆடியோ, பாட்டு, கிராபிக்ஸ், ப்ராஜெக்ட், எக்ஸ்போர்ட். ஃபுட்டேஜுக்குள் கேமரா வாரியாக, அதற்குள் கார்டு வாரியாக. பாட்டை வாட்ஸ்ஆப் டவுன்லோட்ஸிலிருந்து நேராக டைம்லைனுக்கு இழுக்காமல் முதலில் இந்த ஃபோல்டருக்குள் போடுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. நானே இன்னும் தவறுகிறேன். பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள், விண்டோஸில் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் சில புரோகிராம்கள் ஃபைலைத் திறக்காது.

கேள்வி: டெலிவரிக்குப் பிறகு ஃபுட்டேஜை எத்தனை நாள் வைப்பது? ப்ராஜெக்ட் மேனேஜரில் வெட்டிச் சுருக்கினால் இடம் மிச்சமாகுமா?

முதல் பாதிக்கு என் பதில், மிச்சப் பணம் கைக்கு வந்து ஆல்பமும் போய்ச் சேரும் வரை ஒரு க்ளிப்பையும் தொடாதீர்கள். அத்தை பேசியதைக் காணோம் என்று எப்படியும் ஒரு போன் வரும். எத்தனை மாதம் வைப்பீர்கள் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் பாதி, பெரும்பாலும் ஆகாது. இந்த வகை கேமரா ஃபைலை நடுவில் வெட்ட வேண்டுமென்றால் வேறு கோடெக்குக்கு, அதாவது வேறு சுருக்கும் முறைக்கு மாற்ற வேண்டும். மணிக்கு 45 ஜிபி ஃபுட்டேஜை 4கே ப்ரோரெஸ் 422 ஆக்கினால் 25 ஃப்ரேமில் மணிக்கு 220 ஜிபி பக்கம் போகும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால்தான் லாபம். நான் ப்ராஜெக்ட் மேனேஜரில் வெட்டாமல் முழு ஃபைலையும் நகலெடுக்கிற கலெக்ட் ஃபைல்ஸ் கொடுத்து, பயன்படாத க்ளிப்பை விடு என்று டிக் செய்து, அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அந்த ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா?

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் மாட்ட வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் அதில் ஜர்னலிங் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் பாதுகாப்பு) கிடையாது, எழுதும்போது பிடுங்கினால் மொத்த டிஸ்க்கும் குழம்பிவிடலாம். இஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். எஃப்ஏடி32 வேண்டவே வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அது ஏற்காது.