கிளியோவின் பிரேக்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலைப்பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து சேன் லூயியில் குடியிருக்கிறேன். மனைவிக்கு மலைமேல் சிலாவோஸ் ஊரில் பள்ளிக்கூட வேலை, தினமும் காரில் போய் வருகிறாள். நாலு வயதில் ஒரு மகன்.

இங்கே வந்த பிறகுதான் எனக்குக் கார் ராலி ஓட்டும் ஆசை பிடித்தது. சேமிப்பைப் போட்டு ஒரு பழைய சித்ரோயன் சாக்ஸோ வி.டி.எஸ். வாங்கிவிட்டேன். ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூண்டு), பக்கெட் சீட், பெல்ட் எல்லாம் ஆயிற்று. கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி எடுத்து வந்தேன். மிச்சப் பணத்தில் முதலில் கேம்ஷாஃப்ட் மாற்றி சக்தியைக் கூட்டுவதா, ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடுவதா? நண்பர்கள் இரவில் தெவலாவ் மலைச்சாலைப் பக்கம் போய் ஓட்டிப் பழகலாம் என்கிறார்கள். போகலாமா?

மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பயந்த சுபாவம். அவளுடைய ரெனோ கிளியோவிலேயே மலை இறங்கும்போது பிரேக் பெடல் சில நாள் மெத்தென்று உள்ளே போகிறது என்கிறாள். மறுநாள் காலையில் நான் மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கிறது. இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆர்., சேன் லூயி


அன்புள்ள ஆர்.,

கேம்ஷாஃப்ட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். கடைசிப் பத்தியில், மனைவியைக் குறைசொல்லும் சாக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உடனே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இறக்கத்தில் பெடல் மெத்தென்று போகிறது, காலையில் சரியாக இருக்கிறது. தம்பி, இதில் சுபாவம் எங்கே வந்தது? ஒரு மெக்கானிக்கிடம் கோளாறை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. சூட்டில் வந்து குளிரில் மறைகிற கோளாறு அது. அந்தக் காரில் பிரேக் ஆயில் கொதிக்கிறது.

நாளைக்கு உங்கள் மனைவி அந்தக் காரை எடுக்கக் கூடாது. பஸ் இருக்கிறது, பஸ்ஸில் போகட்டும். இதை வீட்டில் சொல்லிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

போன மாதம் சிலாவோஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுகள் ஓய்கிற இடத்தில் ஒரு கார் ஓரமாக நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் புகை, தூரத்திலேயே கருகல் நாற்றம். ஓட்டி வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கின் மேல் ஊற்றப் போனார், ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். பின் சீட்டில் அவருடைய அம்மா கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். ‘கடைசியில பிரேக்கே பிடிக்கல, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினேன்’ என்றார் அந்த மனிதர். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

பிரேக்கில் நடப்பது என்ன? காலின் அழுத்தத்தை ஆயில் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் அழுத்தம் சிந்தாமல் போய்ச் சேர்கிறது. ஆனால் இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கார் சும்மா நின்றாலும் உறிஞ்சும். நம்முடைய தீவிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வந்துவிடுகிறது. சிலாவோஸ் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு 400க்கும் மேற்பட்ட வளைவுகள். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். எஞ்சினும் காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிரேக்கின் தலையில்தான். காலை எடுக்காமல் மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க்கின் சூடு 300 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு, டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் வழியாக, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இறங்கி, ஈரம் குடித்த ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்க முடியும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பெடல்தான் உள்ளே போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. இரவில் குளிர்ந்ததும் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும். நீங்கள் காலையில் வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, மனைவியைப் பயந்தாங்கொள்ளி என்கிறீர்கள்.

எங்கள் தாய்மாமா மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறைக்குப் புதுச்சேரியிலிருந்து போனால் கேபினில் ஏற்றிக்கொள்வார். இறக்கத்தில் பர்லியாறு வந்தால் டீக்கு நிறுத்தியாக வேண்டும். டீ சொல்லிவிட்டு உட்கார மாட்டார், லாரியை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு சக்கரத்தடியிலும் குனிந்து, புறங்கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் ஒரு நொடி வைப்பார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் காந்தினால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று அர்த்தம். நாலு பக்கமும் ஒரேயடியாகக் காந்தினால் கோளாறு ஓட்டினவனிடம். டீ ஆறிப்போயிருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். ‘ஏறின கியர்லயே இறங்கணும்டா. பிரேக்குங்கிறது நிக்கிறதுக்கு, இறங்குறதுக்கு இல்ல’ என்பார். அத்தனை வருஷ மலை ஓட்டத்தில் அவருடைய பிரேக் ஒருநாளும் கைவிட்டதில்லை. அவரிடம் இருந்தது அந்தப் புறங்கையும் அந்தக் கியரும்தான்.

நம் ஊர்க்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறக்குவது. இங்கே வந்தும் சிலர் விடவில்லை. நீங்களும் உண்டென்றால் இன்றோடு நிறுத்துங்கள். பெட்ரோலும் மிச்சமாகாது. இன்றைய எஞ்சின்களில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் விடுவதே நின்றுவிடுகிறது, நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை ஓடவைக்கப் பெட்ரோல் செலவாகிறது. உங்கள் மனைவிக்கு இரண்டாம் கியரில் இறங்கக் காட்டிக்கொடுங்கள். எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் கொல்லும்.

இனி நான் கொஞ்சம் கோபமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸோவின் பெல்ட்டில் காலாவதி ஆண்டு தைத்திருக்கும். அந்த ஆண்டு தாண்டினால், பெல்ட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ராலிப் பரிசோதகர் உங்களை ஸ்டார்ட்டுக்கு விடமாட்டார். ரோல் கேஜ், தீயணைப்பான், ஹெல்மெட் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். கிளியோவுக்கு யார் இருக்கிறார்கள்? வாங்கி நாலு வருஷம் ஆகும்போது ஒருமுறை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பரிசோதனை. அங்கே சக்கரத்தை உருளையில் ஏற்றி பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலாவோஸிலிருந்து இறக்கிப் பார்க்க மாட்டார்கள். சாக்ஸோ வருஷத்தில் சில நாள், மூடிய சாலையில், மருத்துவர் காத்திருக்க ஓடப்போகிறது. கிளியோ தினமும் திறந்த சாலையில், எதிரே பஸ் வர, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக ஓடுகிறது. முதல் பணம் எந்தக் காருக்குப் போயிருக்க வேண்டும்?

ராலிக்காரர்களை எனக்கு மனதாரப் பிடிக்கும். வாரமெல்லாம் குழாய் வேலையும் கரண்ட் வேலையும் பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் மச்சான்மாரைக் கூட்டிக்கொண்டு கராஜில் காருக்கு அடியில் கிடப்பவர்கள். அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. நின்றுபோன காரிலிருந்து ‘ஓ.கே.’ அட்டையைக் காட்டினால் பின்னால் வருகிறவன் போய்க்கொண்டே இருக்கலாம். சிவப்பு ‘எஸ்.ஓ.எஸ்.’ அட்டையைக் காட்டினால், முதலிடத்தில் வந்துகொண்டிருந்தாலும் நிறுத்தி இறங்கியாக வேண்டும். வெற்றியைவிட அடிபட்டவன் பெரிது என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்த விளையாட்டு அது. உங்கள் மனைவி எஸ்.ஓ.எஸ். அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் கடந்து போய்க்கொண்டே இருக்கிறீர்கள்.

ஆயில் மாற்றுவது பெரிய செலவில்லை. சாக்ஸோவைத் தொடும் கையால் இதையும் செய்யலாம். மனைவியையே உட்காரவைத்து பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்குங்கள். அவர் மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். முதலில் டிகாஷன் நிறத்தில் வரும், நடுவே குமிழி குமிழியாக ஓடும். பிறகு இளமஞ்சளாகத் தெளியும். தெளிந்த பிறகும் நாலைந்து மிதி. மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வற்றினால் காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை அந்தக் காரின் கையேட்டில் பாருங்கள், ஏ.பி.எஸ். உள்ள கார்களில் முறை மாறும். கராஜ் மூலையில் போன வருஷம் திறந்துவைத்த பாட்டில் கிடக்குமே, அதைத் தொடாதீர்கள், அதுவும் ஈரம் குடித்ததுதான். மூடி உடைக்காத புது பாட்டில் வாங்குங்கள். அப்படியே சக்கரத்தைக் கழற்றி பேட், டிஸ்க், ஹோஸ் மூன்றையும் பாருங்கள். பேட் கருகிப் பளபளவென்று இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் நல்ல கராஜில் விடுங்கள். ஆனால் ‘காலையில் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்று சொல்லி விடாதீர்கள், அவர்களும் மிதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பிவிடுவார்கள். ‘மலையில் சூடானால் பெடல் போகிறது, ஆயிலை மாற்றுங்கள்’ என்று சொல்லுங்கள்.

பூஜை போட்டது நல்லது. எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. இனி ஒன்றுவிட்டு ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு, சந்தனப் பொட்டு வைக்கும் முன்பு வீட்டில் உள்ள எல்லாக் கார்களுக்கும் பிரேக் ஆயில் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி மறக்காது.

இரவில் தெவலாவ் போகக் கூடாது. இதில் பேச ஒன்றுமில்லை. அந்தச் சாலையில் வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜூலையில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் லாரி சிந்திய சேறும் தோகையும் எந்த வளைவில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நண்பர்களை விட்டு விலகுங்கள்.

மனைவியும் மகனும் ராலி பார்க்க வருவார்கள் அல்லவா? எங்கே நிற்பது என்பதை இப்போதே சொல்லிக்கொடுங்கள். வளைவின் வெளிப்பக்கம் ஒருபோதும் கூடாது. சாலையைவிடத் தாழ்ந்த இடமும் கூடாது. உயரமான மேட்டில், பின்னால் ஓட வழி இருக்கிற இடத்தில்தான் நிற்க வேண்டும். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் சாலையை அடைத்து நின்ற கூட்டத்தைத் தவிர்க்கப்போய், ஒரு ஃபோர்டு ஆர்.எஸ்.200 ராலி கார் தடுமாறி மக்களுக்குள்ளேயே புகுந்தது. அதே ஆண்டு மே 2ஆம் தேதி, நம் சாலைகளைப் போலவே மலையைக் கொத்திப் போட்ட கோர்சிகா சாலையில், ராலி வீரர் ஹென்றி டொய்வோனெனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்து போனார்கள். இந்தக் கார்கள் சேர்ந்த குரூப் பி என்ற அதிவேக வகையை அந்த ஆண்டோடு தடை செய்தார்கள். கூட்டம் மட்டும் இன்னும் வளைவின் வெளிப்பக்கத்தில்தான் நிற்கிறது, இங்கேயும் கரும்புக்காட்டு ஓரத்தில் பார்க்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிஃபரன்ஷியல்தான் முதலில். சாக்ஸோவின் 120 குதிரைத்திறன் முதல் வருஷத்துக்குத் தாராளம். பிரெஞ்சு ராலி வீரர் செபாஸ்டியன் லோப் 2001இல் சூப்பர் 1600 என்ற ராலிப் பிரிவின் பட்டத்தை எடுத்ததும் சாக்ஸோவில்தான். வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் கூடுதல் சக்தியை எந்தச் சக்கரத்துக்குக் கொடுப்பீர்கள்? கேம்ஷாஃப்ட் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கிளியோவின் வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே சிலாவோஸ் வரை ஓட்டிப் போய், இரண்டாம் கியரில் இறங்கி வந்து, பெடல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.