ரத்தம் போதவில்லை என்கிறார் தயாரிப்பாளர்

கேள்வி: சின்ன டிசைன் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்க்கிறேன். முதல் முறையாக ஒரு முழுநீளப் படத்துக்கு போஸ்டர் செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. பதின்ம வயதினருக்கான திரில்லர். காணாமல் போன மாணவியின் எண்ணிலிருந்து அவள் வகுப்புத் தோழர்கள் ஐந்து பேருக்கும் மெசேஜ் வரத் தொடங்குகிறது, அதுதான் கதை. மூன்று டிசைன் கொடுத்தேன். ஒன்றில் ஐந்து முகங்கள், பின்னால் முகமூடி உருவம். இன்னொன்றில் ரத்தம் படிந்த பள்ளிப் பை. மூன்றாவதில் காலி வகுப்பறை, ஒரு பெஞ்சுக்கு அடியில் மட்டும் ஃபோன் வெளிச்சம். முதல் இரண்டையும் சேர்த்து, ரத்தத்தை இன்னும் தூக்கலாகப் போடச் சொல்கிறார் தயாரிப்பாளர். இயக்குநருக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. எனக்கும் அதுதான், ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: மூன்றாவதுதான். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே அல்ல, அதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் அந்த முகமூடி ஆளைத் தூக்கிவிடுங்கள். அவனைப் பார்த்ததுமே ‘ஒருத்தன் துரத்துவான், இவர்கள் ஓடுவார்கள்’ என்று கதையை முடிவு செய்துவிடுவார்கள். உங்கள் கதை அது இல்லையே. இல்லாத ஒருத்தியின் எண்ணிலிருந்து மெசேஜ் வருகிறது, அதுவும் எந்நேரமும் கையில் இருக்கும் ஃபோனுக்கே வருகிறது, பயம் மொத்தமும் அங்கேதான். ‘ஜாஸ்’ (1975) போஸ்டரை எடுத்துப் பாருங்கள். அதே பெயர் நாவலின் பேப்பர்பேக் அட்டைக்காக ஓவியர் ரோஜர் காஸ்டெல் வரைந்தது, படத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். மேலே ஒரு பெண் நீந்துகிறாள், கீழே சுறா வாயைத் திறந்துகொண்டு வருகிறது. இன்னும் கடிக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வரப்போவது நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. நம்மை உறுத்துவது அந்த இடைவெளிதான். தயாரிப்பாளரிடம் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டுமென்றால் இதையே சொல்லலாம். கொலை வழக்கைப் பற்றிய ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ (1959) படத்துக்கு கிராஃபிக் டிசைனர் சால் பாஸ் செய்த போஸ்டரும் அப்படித்தான்: துண்டு துண்டாக வெட்டி வைத்த கறுப்பு மனித உருவம், அவ்வளவே.

உங்கள் காலி வகுப்பறையில் இருக்கும் சிக்கல், அது பேய்ப்படம் மாதிரி தெரியும் என்பது. ஆள் வேண்டும். ஐந்து பேரையும் பெஞ்சில் உட்கார வையுங்கள், எல்லோரும் குனிந்து அவரவர் ஃபோனைப் பார்க்கட்டும், முகத்தில் விழுவது அந்தத் திரையின் வெளிச்சம் மட்டும். ஆறாவது இடம் காலி, அங்கேயும் பெஞ்சுக்கு அடியில் அதே வெளிச்சம். ஐந்து பேரில் ஒரே ஒருத்தர் தலையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்க்கிறார். இப்போது பார்ப்பவருக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது, இவருக்கு மட்டும் என்ன தெரியும்? (அந்த ஒருத்தர் யார் என்பதை இயக்குநரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், கிளைமாக்ஸை போஸ்டரிலேயே உடைத்துவிட வேண்டாம்.) தயாரிப்பாளர் கேட்ட ஐந்து முகங்களும் இதில் வந்துவிட்டன, கவனித்தீர்களா?

முகங்களை மெழுகுபோல வழவழவென்று ஆக்காதீர்கள். பரு இருந்தால் இருக்கட்டும், உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிய குறிப்பு, ஓரத்தில் விரிசல் விட்ட ஸ்கிரீன் கார்டு, பாதி உரிந்த நகப்பூச்சு இதெல்லாம் இருக்கட்டும். இருபத்தைந்து வயது நடிகருக்குச் சீருடை மாட்டி பாலிஷ் போட்டால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபோன் திரை தெரிகிற மாதிரி வைத்தால் அந்த சாட் பக்கம் உண்மையில் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும், இல்லையென்றால் காட்டவே வேண்டாம். டேக்லைனில் இன்றைக்கு அவர்கள் பேசும் ஸ்லாங்கைப் போடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். படம் வெளியாவதற்குள் அது பழசாகிவிடும், பெரியவர்கள் வலிந்து பேசியதுபோல் இருக்கும்.

ரத்தத்துக்கு வருவோம். படத்துக்கு டிக்கெட் வாங்குபவருக்கு வயது வரம்பு வைக்கலாம், தெருவில் நிற்கிற போஸ்டருக்கு வைக்க முடியாது. ஆறு வயதுக் குழந்தையும் அதைப் பார்க்கும், கூடவே அந்தப் பதின்ம வயதுக்காரரைப் படத்துக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யப்போகிற அம்மாவும் பார்ப்பார். விளம்பரப் படங்களுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டிய நாடுகளும் உண்டு. ரத்தம் சொட்டும் பை அங்கே மாட்டிக்கொண்டால் கடைசி நேரத்தில் திரும்பச் செய்வது நீங்கள்தான். இன்னொன்று, காணாமல் போன மாணவி என்பதால் கயிறு, மொட்டை மாடி விளிம்பு மாதிரி எதையும் தொடாதீர்கள். பார்க்கப்போவது அந்த வயதுப் பிள்ளைகள், தற்கொலையைக் கவர்ச்சியாகக் காட்டுவது தப்பு, எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை.

உங்கள் டிசைன் இருட்டு. மானிட்டரில் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது. அச்சில் மை பரவி, நிழலில் இருந்த நுணுக்கமெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அதனால் நிழல் பகுதிகளை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக வைத்து, சிஎம்ஒய்கே-க்கு (அச்சு மைகளின் நான்கு நிற முறைக்கு) மாற்றி, ஒரு துண்டு அச்சடித்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். பிறகு அதையே தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். காலி இடமும் அந்தத் தலை தூக்கலும் அப்போதும் தெரிந்தால் சரி. ஏனென்றால் இவர்கள் முதலில் பார்க்கப்போவது ஃபோனில், கட்டைவிரல் ஓடுகிற வேகத்தில்.

டைட்டிலைக் கீறல் விழுந்த மாதிரி செய்யப்போகிறீர்கள் என்றால் தமிழ் எழுத்தில் ஜாக்கிரதை. புள்ளி ஒன்று அழிந்தால் ‘க்’, ‘க’ ஆகிவிடும். மேல்சுழி உடைந்தால் ‘கி’யா ‘கீ’யா என்று தெரியாது. தடித்த உடம்பில் மட்டும் கீறலைப் போட்டுவிட்டு, புள்ளியையும் சுழியையும் முழுதாக விட்டுவிடுங்கள்.

அளவுகளை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். 27×40 அங்குலத் தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) செய்தால் 8100×12000 பிக்சல் வரும், கம்ப்யூட்டர் திணறும், அதற்குத் தயாராக இருங்கள். கூடவே 1080×1920 செங்குத்து, ஒரு சதுரம், 1280×720 கிடைமட்டம் எல்லாம் கேட்பார்கள். ஒவ்வொரு ஆளும் தனி லேயரில் இருந்தால்தான் நகர்த்தி அடுக்க முடியும். செங்குத்து வடிவத்தில் கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்களும் எழுத்தும் மறைத்துவிடும், டைட்டிலை அங்கே வைக்காதீர்கள்.

தயாரிப்பாளரிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது, அது வேண்டவும் வேண்டாம். அவர் கேட்டதையும் ஒரு வடிவமாக உண்மையாகவே நன்றாகச் செய்யுங்கள், வேண்டுமென்றே மட்டமாகச் செய்தால் தெரிந்துவிடும். இரண்டு வடிவத்தையும் உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலரிடம் ஃபோனில் இரண்டு விநாடி காட்டி மூடிவிட்டு, ‘படம் எதைப் பற்றி?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அவர் முன்னால் வையுங்கள். அப்புறமும் முகங்கள் பெரிதாக வேண்டும் என்றால், ஆளுக்கொரு கேரக்டர் போஸ்டர் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். நடிகர்களின் ஒப்பந்தத்தில் பெயர் வரிசை, பெயர் அளவு பற்றி ஏதாவது இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.