கொடம்புளியை கேப்சூலில் தேடுபவருக்கு

கேள்வி: வயது 41, எடை 78 கிலோ. மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலே தருகிறார்களே, கொழுப்பைத் தடுக்கும் மாத்திரை, அதை வாங்கலாமா, இல்லை கொடம்புளி கேப்சூலா? தயவுசெய்து சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பல தடவை முயன்று தோற்றவள் நான்.
வாசகி, நாகர்கோவில்

பதில்: நாகர்கோவிலில் இருந்துகொண்டு கொடம்புளியை கேப்சூலில் தேடுகிறீர்களே அம்மா! மீன் குழம்பில் போடுகிற அதே புளிதான். அதன் தோலிலுள்ள ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் 135 பேரை இரண்டு குழுவாக்கி, 12 வாரம் ஒரு குழுவுக்கு இந்தச் சாறும் மற்றதற்கு வெறும் டம்மி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1998இலேயே வந்துவிட்டது. கொடம்புளிக் குழு சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. டம்மிக் குழு 4.1 கிலோ! இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 12 வாரமும் இரண்டு குழுவுக்குமே கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த சாப்பாடுதான் சொல்லப்பட்டிருந்தது, எடை எதனால் இறங்கியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சாறு கலந்த கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. குழம்புக்குப் போடும் இரண்டு சுளையை நினைத்துப் பயப்படாதீர்கள்.

சரி, அந்த இன்னொரு மாத்திரை. ஆர்லிஸ்டாட் என்று பெயர். இது உண்மையான மருந்து, கொஞ்சம் வேலையும் செய்கிறது. அமெரிக்காவில் 2007 முதல் 60 மில்லிகிராம் அளவில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. சாப்பிடும் கொழுப்பில் கிட்டத்தட்ட கால் பங்கை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளிவிடும். வேளைக்கு 15 கிராம் கொழுப்புக்கு மேல் வேண்டாம் என்பார்கள், அதில் கால் பங்கு என்றால் நாலு கிராம்கூட இல்லை, மூன்று வேளைக்கும் கூட்டினால் ஏறத்தாழ 100 கலோரி. இரண்டேகால் டீஸ்பூன் எண்ணெய், அவ்வளவுதான். அதைத் தாளிக்கும்போதே குறைத்து ஊற்றியிருக்கலாம் இல்லையா?

அப்புறம், தடுக்கப்பட்ட அந்தக் கொழுப்பு வேறெங்கும் போய்விடாது, மலத்தோடு எண்ணெயாக இறங்கும். கொழுப்பு கூடிய சாப்பாட்டின் மேல் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள், உடையில் கறைபடும் அளவுக்கு அவசரம் வரும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு போவதால் அதற்குத் தனியாக ஒரு மாத்திரை.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. இது கொழுப்பை மட்டும்தான் தொடும். நம் தட்டில் மலைபோல் இருப்பது சோறு, டீயில் இருப்பது சர்க்கரை, இரண்டின் பக்கமும் இது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி. மூன்று மாத்திரை சேர்ந்து தடுப்பதைவிட இதுவே அதிகம்.

சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாதே என்கிறீர்கள், சரி, சொல்லவில்லை. தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள், அநேகமாக ஒரே நாளில் சோற்றையே விட்டு, நாலாம் நாள் இரவு பரோட்டாவில் முடிந்திருக்கும். (எனக்கு அப்படித்தான் முடிந்தது.) இந்த மாதம் டீ சர்க்கரையைப் பாதியாக்குங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். அடுத்த மாதம் சோற்றில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவியலோ பொரியலோ வையுங்கள், வயிறு நிறைந்துவிடும். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றினாலே எவ்வளவு செலவாகிறது என்று தெரியும்.

இதற்கப்புறமும் ஆர்லிஸ்டாட்தான் வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தைராய்டு மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் அதைச் சொல்லுங்கள், இரண்டோடும் இது மோதும். கடைக்காரர் அதைக் கேட்கமாட்டார்.