கார்டு வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

வெயில் ஏறினால் எனக்கு வரும் கேள்விகளும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். கம்ப்யூட்டர் சிஸ்டம் சூடாகிறது, கேம் திணறுகிறது, என்ன வாங்கிப் போடலாம்? இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், இந்தக் காற்றும் தூசியும் எனக்குப் பழக்கம்.

கேள்வி: அண்ணா, பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா ரீஃபர்பிஷ்டு கடையில் ஒரு பிராண்டட் சிஸ்டம் வாங்கித் தந்தார். ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 240 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஜிடிஏ 5 போட்டால் இருபது நிமிடம் ஓரளவு ஓடும். அப்புறம் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், படம் விட்டு விட்டு நகரும். 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரிய எஸ்எம்பிஎஸ்ஸும் பெரிய கார்டும் போட்டுவிடு என்கிறான் நண்பன். செய்யலாமா?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. முதல் இருபது நிமிடம் ஓடுகிறது, அதற்குப் பிறகுதான் தடுமாறுகிறது. கார்டு இல்லாத குறை என்றால் முதல் நிமிடத்திலிருந்தே ஒரே மாதிரி மெதுவாக ஓடியிருக்கும். போகப் போகக் கெடுகிறது என்றால் அது சூடுதான். உங்கள் பிராசஸர் தாங்கும் உச்சம் 100 டிகிரி. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விளையாடுங்கள். பிராசஸரின் அதிகபட்ச சூடு என்ற வரியில் 95-க்கு மேல் நின்றால் நான் சொல்வது சரி.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். ஆபீஸில் நாலைந்து வருடம் ஓடிய பெட்டி, விற்கிற கடையில் வெளிப்பக்கம் மட்டும் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருப்பார்கள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இதே மாதிரி பெட்டியைத் திறந்தேன். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் பிராசஸர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடே தெரியவில்லை, அதன் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்து கிடந்தது. ஓரத்தில் விரல் நகத்தால் பிடித்து இழுத்தேன், அப்படியே ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில், பிராசஸர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுவரில் உதிரும் சுண்ணாம்பு மாதிரி பொரிந்திருந்தது. தூசியை எடுத்து, பேஸ்ட்டை மாற்றி, மூடியதும் 97-இல் நின்றது 74-க்கு இறங்கியது. செலவு ஒரு பேஸ்ட் ட்யூப்தான்.

பேஸ்ட் மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். ஹீட்சிங்கை எடுப்பதற்கு முன் சிஸ்டத்தை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் பழைய பேஸ்ட் கொஞ்சம் இளகும். பிறகு லேசாக இப்படியும் அப்படியும் திருகித்தான் எடுக்க வேண்டும், மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உங்களுடையது இன்டெல் என்பதால் பிராசஸர் கிளிப்புக்குள் பத்திரமாக இருக்கும். ஏஎம்4 சாக்கெட்டில் ஏஎம்டி ரைசன் பிராசஸர் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டால் பிராசஸரே ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு வந்து அதன் அடியில் இருக்கும் ஊசிக் கால்கள் (பின்) வளைந்துவிடும். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், திருகுகளை எதிரெதிர் மூலையாக முறுக்குங்கள்.

இப்போது நண்பர் சொன்ன பெரிய எஸ்எம்பிஎஸ். டெல், எச்பி, லெனோவா போன்றவர்களின் ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பு நாம் கடையில் பார்க்கும் 24 பின் கிடையாது. அவர்களுடைய சொந்த அளவு. எஸ்எம்பிஎஸ் உட்காரும் இடமும் வேறு அளவாக இருக்கலாம். மாற்று ஒயர் கிடைக்கிறதுதான், ஆனால் அதை நம்பிக் கடைக்குப் போகும் முன் உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். விலை மலிவான பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள், அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்ஸ்தான். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். என் சித்தப்பா மகன் அப்படி ஒன்றை மாட்டி, ஒரு சனிக்கிழமை இரவு படீரென்று சத்தம், வீடு முழுக்கக் கருகிய நாற்றம். மதர்போர்டும் சேர்ந்து போனது. அந்தப் பையன் ஆறு மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது.

உங்களுக்கு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமலே வழி இருக்கிறது. கார்டு செருகும் ஸ்லாட் தானாகவே 75 வாட்ஸ் வரை தரும். தனி பவர் ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 அந்த அளவுக்குள் அடங்கும். 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 70 வாட்ஸ்தான். உங்கள் 240 வாட்ஸ் இதற்குத் தாங்கும். ஆனால் 1650-லேயே சில மாடல்களில் 6 பின் இணைப்பு இருக்கும், அட்டையைப் பார்த்து இல்லாததை எடுங்கள். உங்கள் கேபினெட் ஒல்லியான ரகமென்றால் அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும், ஸ்கேல் வைத்து அளந்துவிட்டே கிளம்புங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாக, 53 வாட்ஸ்தான் இழுக்கும் என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது போர்டோடு டேட்டா போய்வர நாலு லேன் (பாதை) மட்டும் பயன்படுத்தும் கார்டு, உங்கள் எட்டாம் தலைமுறை போர்டில் அதன் வேகம் அடிபடும். உங்களுக்கு அது வேண்டாம்.

கார்டுக்கும் முன்னால் இன்னொரு 8 ஜிபி ரேம். ஒற்றை ஸ்டிக்கில் ஓடுகிற சிஸ்டம் ஒரு கையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி. ஜோடியாகப் போட்டால் டூயல் சேனல் ஆகும், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், இப்போது உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் இந்த ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். போகும்போது பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போங்கள், அதே ரகத்தைக் கேட்டு வாங்க அதுதான் சுலபம்.

கேள்வி: மகன் கம்ப்யூட்டரை மர டேபிளின் கதவு வைத்த அறைக்குள் வைத்திருக்கிறான். தொட்டால் சுடுகிறது. பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் சரியாகுமா? பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, ராயபுரம்

பதில்: அம்மா, பயப்பட வேண்டாம், ஆனால் இன்றைக்கே பெட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கதவு வைத்த அறைக்குள் அது தான் விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள், தரையில் வைக்காமல் ஒரு சின்ன ஸ்டூல் மேல் வையுங்கள். வீடு பெருக்கும் தூசியெல்லாம் தரையோடுதான் போகிறது. மூடியைக் கழற்றி ஃபேன் வைத்தால் அன்றைக்குச் சூடு குறையும், ஒரு மாதத்தில் உள்ளே தூசி இரண்டு பங்கு சேரும். மகனிடம் சொல்லிச் சோதித்துப் பார்க்க மட்டும் அப்படிச் செய்யலாம்: மூடி இல்லாமல் சூடு பத்து டிகிரி இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று போதவில்லை என்று பொருள், முன்னால் ஒரு ஃபேன் சேர்க்க வேண்டும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே, காற்று அப்படித்தான் ஓட வேண்டும். ஃபேன் வாங்கும் முன் போர்டில் அதற்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில பிராண்டட் போர்டுகளில் அதுவும் அவர்கள் சொந்த அளவில் இருக்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்தால் கரிசாம்பல். மூன்று மாதத்தில் கேபினெட் உள்ளே கறுப்பாகிவிடுகிறது. பஞ்சர் கடையில் ஏர் பிடித்துச் சுத்தம் செய்கிறேன். சரிதானே?
– தனியார் ஊழியர், எண்ணூர்

பதில்: அனல் மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருப்பவர்களின் கஷ்டம் இது, சார். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று சொல்வேன், உங்களுக்கு மாதம் ஒரு முறை.

ஆனால் பஞ்சர் கடை ஏரை நிறுத்துங்கள். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது டேங்கில் தண்ணீர் சேரும், சில சமயம் ஆயிலும் கலந்திருக்கும். அத்தனையும் சேர்ந்து மதர்போர்டில் போய் அடிக்கும். ஒரு வெள்ளைத் துணியை அந்தக் குழாய் முன்னால் பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். சாம்பலும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் படலமே லேசாகக் கரண்ட் கடத்தும், கூடவே உப்புக்காற்று, போர்டு பச்சை பூத்துவிடும். கையால் பிடிக்கும் எலக்ட்ரிக் ப்ளோயர் ஒன்று வாங்கிவிடுங்கள், பால்கனியில் வைத்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பிடிக்காமல் ஊதினால் அது வெறித்தனமாகச் சுற்றிப் பேரிங் போய்விடும். மூலை முடுக்குக்குப் பெயின்ட் பிரஷ்.

கேபினெட் முன்னால் கொசுவலையை ஒட்டுகிறார்கள் சிலர். அது முடியையும் பஞ்சையும் பிடிக்கும், சாம்பல் அதற்குள் புகுந்து போய்விடும். கண் நெருக்கமான நைலான் ஃபில்டர்தான் வேண்டும், அதை வாராவாரம் தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். அடைத்துப்போன ஃபில்டர் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல். அப்புறம், என்றாவது சிஸ்டம் பீப் அடித்துத் திரை வராமல் நின்றால் உடனே கடைக்குத் தூக்க வேண்டாம். பிளக்கை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். கடலோரத்தில் பல நேரம் அதிலேயே எழுந்துவிடும்.

கேள்வி: ஐ5 நாலாம் தலைமுறை பெட்டி மலிவாக வருகிறது, லிக்விட் கூலிங்கும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார் விற்பவர். வாலரன்ட் விளையாட வாங்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். எப்படியாவது 11-ஐ ஏற்றினாலும் அதில் வாலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். லிக்விட் கூலிங் அந்தப் பிராசஸருக்குத் தேவையே இல்லை, அதன் விலையை எட்டாம் தலைமுறைக்குப் போடுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் சின்ன கேமிங் சென்டர் வைத்திருக்கிறேன், ஆறு சிஸ்டம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை, ஏசி இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாமே ஹேங். பிராசஸர் கூலர் மாற்றியும் பயனில்லை.
– சென்டர் நடத்துபவர்

பதில்: அண்ணே, பிராசஸர் மேல் மாட்டும் எந்த ஏர் கூலராலும் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை ஐந்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய ஐந்து ஏறும். உங்கள் ஆறு பெட்டியும் ஆளுக்கு 250 வாட்ஸ் இழுத்தால் 1,500 வாட்ஸ், இழுத்த கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அந்த அறைக்குள் இறங்குகிறது. 1,000 வாட்ஸ் அயன் பாக்ஸ் ஒன்றரையை நாள் முழுக்க எரியவிட்ட கணக்கு. மேலே ஷீட் வேறு. கூலருக்குச் செலவழித்தது இங்கே பலிக்காது, அறையைத்தான் கவனிக்க வேண்டும்.

கூரைக்கு வெள்ளைக் கூல் கோட்டிங் அடியுங்கள், சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், எதிர்ச் சுவரில் கீழே காற்று உள்ளே வர வழி விடுங்கள். பெட்டிகள் ஒன்றின் முதுகு இன்னொன்றின் முகத்தைப் பார்க்காதபடி வரிசையை மாற்றுங்கள்.

அதற்குள் காசில்லாமல் செய்ய இரண்டு இருக்கிறது. என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேமை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60-இல் நிறுத்துங்கள். மானிட்டரே 60 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு 140 ஃபிரேம் அடித்து வேர்ப்பதில் யாருக்கும் லாபமில்லை. இன்னொன்று, விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச நிலை 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள், டர்போ நின்றுவிடும். ஐ5-8500 என்றால் 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுவது 3-இல் நிற்கும், கொஞ்சம் வேகம் போகும், ஆனால் ஹேங் ஆகாது. காலையிலும் இரவிலும் 100, மதியம் 99. கத்திரி முடியும் வரை பையன்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.